காக்கட்டீல் (சின்னக் கொண்டைக் கிளி) மெலிந்த மாதிரி தெரிகிறது, வீட்டில் எப்படி நிறுப்பது?

ஹட்டன் தங்கச்சி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ராசா சாம்பல் நிறக் காக்கட்டீல். இங்கே மழையும் மூடுபனியும் விட்டபாடில்லை. அவன் பகலிலும் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், விசிலடிப்பதும் குறைந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் பார்த்தால் தினைக் கிண்ணம் நிறைந்தே இருக்கிறது. நெஞ்சைத் தடவினால் எலும்பு கூராகத் தட்டுப்படுவதாக அம்மா சொல்கிறார். எடை எவ்வளவு இருக்க வேண்டும்? கையில் நிற்காத பறவையை எப்படி நிறுப்பது?

பண்டாரவளை அக்கா:
தங்கச்சி, முதலில் அந்தக் கிண்ணத்தை லேசாக ஊதிப் பாருங்கள். இவை தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போட்டுவிடும். மேலே பார்த்தால் நிறைந்த கிண்ணம், ஊதினால் அடியில் ஒன்றுமே இருக்காது. அப்படியென்றால் பிள்ளை பசியோடு இருக்கிறது. உமி இல்லாமல் முழுத் தினையே கிடந்தால் அவன் தின்னவில்லை, அதுதான் பயப்பட வேண்டியது.

நிறுக்க, கேக் செய்கிறவர்கள் மா நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒவ்வொரு கிராமாகக் காட்ட வேண்டும். ஒரு சின்னப் பலகையில் கொய்யாக் குச்சியைப் பொருத்தித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டு அவனை ஏறவிடுங்கள். நிற்காவிட்டால் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு நிறுக்கலாம். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். வளர்ந்த காக்கட்டீல் பெரும்பாலும் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும், சிலது அதற்கும் மேலே. ஊரிலுள்ள பறவைகளின் கணக்கைவிட உங்கள் ராசாவின் வழக்கமான எடைதான் முக்கியம். ஓரிரு கிராம் கூடிக் குறைவது சாதாரணம். 90 கிராம் பறவை 81க்கு இறங்கினால் ஒருநாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

அப்புறம், கூட்டுக்கடியில் வெள்ளைத்தாள் விரியுங்கள். தின்கிற பறவையின் எச்சத்தில் கெட்டியான பகுதி நன்றாகத் தெரியும். தின்னாவிட்டால் அது சுருங்கிக் கரும்பச்சையாகிவிடும்.

கண்டி அண்ணன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் பகலிலும் உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவே நோய்க்குறி. முடியாமல் போனால்கூடப் பறவை கடைசி வரை மறைக்கும், தின்பது போலத் தினையைக் கொத்திக் கீழே போடும். நெஞ்செலும்பின் இருபக்கமும் சதை இல்லாமல் பள்ளம் விழுந்திருந்தால் மெலிவுதான். கூட்டின் ஒரு பக்கம் மட்டும் வெளியிலிருந்து சூடு தரும் பல்பு வெளிச்சம் படட்டும், சூடு கூடினால் அவன் நகர்ந்துகொள்ளட்டும். குளிருக்குக் கரிச்சட்டி வைக்காதீர்கள், புகை அவற்றுக்கு ஆகாது. இந்த நேரத்தில் தீனியை மாற்றாதீர்கள். அவகாடோ எந்த நேரத்திலும் கொடுக்கக் கூடாது.

ஹட்டன் தங்கச்சி:
ஊதினேன், உமி கொஞ்சம்தான், தினை அப்படியே கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தராசில் 76 கிராம். எச்சமும் கரும்பச்சைதான். காலையில் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறோம். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது?

கண்டி அண்ணன்:
காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து, மேலே சால்வை போர்த்துங்கள். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கொட்டி நனைந்துவிடும், வெள்ளரித் துண்டு போதும். ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள். கம்பளை வழியாகக் கண்டிக்கு வரும் பஸ்ஸில் ஏறினால் பேராதனையிலேயே இறங்கலாம். எச்சம் பட்ட தாளையும், அவன் தின்கிற தினையில் ஒரு கைப்பிடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.