ஊட்டியில் காய்ச்சிய தண்ணீரில் கிருமிகள் சாகாதா?

கேத்தி ஆய்வகத்தார் (திரியைத் தொடங்கியவர்)

நம் மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியை எட்டாமல் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறதாம். அதனால் மலையில் காய்ச்சிய நீரில் கிருமிகள் உயிரோடு இருக்குமாம். காய்ச்சி வடிக்கும் கருவியோ ஆர்.ஓ. கருவியோ வாங்காதவர்கள் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறார்களாம். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் இதைக் கேட்டுவிட்டுத் தவணையில் கருவி வாங்கலாமா என்று என்னிடம் விசாரிக்கும்போது எனக்கு அடக்க முடியாத கோபம் வருகிறது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும், மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதாலும், இங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியில் கொதிப்பது உண்மைதான். ஆனால் கிருமியைக் கொல்ல 100 டிகிரி வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பாலை 63 டிகிரியில் அரை மணி நேரமோ 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்துத்தான் பண்ணைகளில் பதப்படுத்துகிறார்கள். டைஃபாய்டு, காலரா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் 72 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தால் செயலிழந்துவிடுகிறது. மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சற்றுப் பிடிவாதமானது என்றாலும் 85 டிகிரியில் ஒரு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. 93 டிகிரி போதும்.

ஃபெர்ன்ஹில் விடுதிக்காரன்

ஐயா, நீங்கள் ஆய்வகத்தில் பணி செய்து ஓய்வு பெற்றவர் என்பதை ஒவ்வொரு திரியிலும் நினைவூட்டுகிறீர்கள். அதற்கு என் வணக்கம். ஆனால் அதே ஆய்வகத்தில் கருவிகளை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலத்தில் வைத்தீர்களா, 93 டிகிரித் தண்ணீரில் முக்கி எடுத்தீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். க்ளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்களின் தடித்த உறையுள்ள வித்துகள் கொதிநீரிலேயே பிழைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இந்த ஊரில் குக்கர் இல்லாமல் துவரம் பருப்பு வேகாது என்பது மணமாகி இங்கே வந்த எந்தப் பெண்ணுக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பருப்பே வேகாத தண்ணீரில் கிருமி செத்துவிட்டது என்று நீங்கள் உறுதி கூறுவதை நான் ஏற்கமாட்டேன். என் விடுதியில் விருந்தினர்களுக்கு ஆர்.ஓ. நீரும், என் குடும்பத்துக்குக் காய்ச்சி வடித்த நீரும் கொடுக்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான்.

கேத்தி ஆய்வகத்தார்

பருப்பு வேகவேண்டுமானால் அதன் உள்ளிருக்கும் மாவுப்பொருளும் செல்சுவரும் இளகவேண்டும். கிருமி சாகவேண்டுமானால் அதன் புரதங்கள் சிதைந்தால் போதும். இரண்டும் வெவ்வேறு வினைகள். ஆட்டோகிளேவ் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கும் வளர்ப்பு ஊடகங்களுக்கும் உரியது, ஏனென்றால் அங்கே ஒரு வித்துகூட மிஞ்சக்கூடாது. குடிநீரால் வரும் டைஃபாய்டும் காலராவும் வித்து உண்டாக்கும் கிருமிகளால் வருவன அல்ல. உங்கள் விடுதிச் சமையலறைக் குக்கர்கூட இந்த உயரத்தில் 121 டிகிரியைத் தொடாது. வெளிக்காற்றின் அழுத்தமே குறைவாக இருப்பதால் ஏறத்தாழ 116 டிகிரியோடு நின்றுவிடும். அதற்காக அதில் சமைத்த சோற்றை விருந்தினருக்குப் போடாமல் இருக்கிறீர்களா? 93 டிகிரி போதும் என்று நான் சொன்னது சொன்னதுதான்.

குன்னூர் இரயிலடி

இருவரும் ஊட்டியையே நீலகிரி முழுவதுமாக நினைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரி அளவில் கொதிக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரைப்படி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் காய்ச்சினால் போதும். 6,500 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 1,980 மீட்டருக்கு மேலே இருப்பவர்கள் மட்டும் 3 நிமிடம் காய்ச்சவேண்டும். ஊட்டிக்காரர்களுக்கு உரிய 3 நிமிடத்தை எங்கள் தலையிலும் கட்டி எரிவாயுவை வீணாக்கச் சொல்லவேண்டாம். லூயி பாஸ்டரின் பெயரில் 1907-ஆம் ஆண்டிலிருந்து நிறுவனம் இயங்கும் ஊர்க்காரர்களுக்குக் கிருமியைப் பற்றிப் பாடம் நடத்தவேண்டிய அவசியமும் இல்லை.

ஃபெர்ன்ஹில் விடுதிக்காரன்

குன்னூரில் உள்ள அந்த நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காகத் தொடங்கப்பட்டது. உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்காக அல்ல. அதன் வாசலைக் கடந்து பேருந்தில் போவதால் அறிவு தொற்றிக்கொள்ளும் என்று நீங்கள் நம்பினால் நான் தடுக்கவில்லை. இடம்விட்டு இடம் மாறினால் ஒரு நிமிடம் 3 நிமிடமாகிறது என்பதே உயரத்தால் காய்ச்சும் முறை பலவீனப்படுகிறது என்பதற்குச் சான்று. அதைத்தான் அந்தக் குரல் பதிவும் சொல்கிறது. 93 டிகிரி 100 டிகிரி ஆகாது.

கேத்தி ஆய்வகத்தார்

3 நிமிடம் என்பது பாதுகாப்புக்காகக் கூட்டிச் சொன்ன கணக்கு. கொதிநிலைக்கு வருவதற்கு முன்பே, 70 டிகிரியைத் தாண்டி மேலேறும் அந்த நேரத்திலேயே பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடுகின்றன. அடுப்பை அணைத்தபின் மூடிய பாத்திரம் ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்த வேலையைத் தொடர்கிறது. குன்னூர் நண்பரே, சிம்ஸ் பூங்காவுக்கு மேலே ஏறும் தெருக்களில் எந்த வீடு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டா அடுப்பைப் பற்றவைப்பார்கள்? எல்லாரும் 3 நிமிடம் காய்ச்சுவதில் என்ன கெடுதல்?

விடுதிக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பெருமையோடு சொல்லும் காய்ச்சி வடிக்கும் கருவி ஊட்டி ஃபெர்ன்ஹில்லில்தானே இருக்கிறது? அதற்குள்ளும் தண்ணீர் அதே 93 டிகிரியில்தானே கொதிக்கிறது?

ஃபெர்ன்ஹில் விடுதிக்காரன்

இதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வடிக்கும் கருவி கிருமியைக் கொல்வதை நம்பி இயங்குவதில்லை. நீராவி மட்டும் மேலெழுந்து குளிர்ந்து சொட்டுகிறது, கிருமி, உப்பு, இரும்பு, நைட்ரேட் எல்லாம் அடியிலேயே தங்கிவிடுகின்றன. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் போடும் உரம் மழையில் கரைந்து எங்கே போகிறது என்று நீங்கள் ஒரு நாளாவது எழுதியதுண்டா? நைட்ரேட் கலந்த நீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகி நைட்ரேட் அடர்த்தியாகும். உங்கள் 3 நிமிடம் அதைக் குறைக்காது, கூட்டும். சென்ற ஆண்டு மழைநீர்த் தொட்டி பற்றிய திரியிலும் நீங்கள் இந்த இடத்தில்தான் பேச்சை மாற்றினீர்கள்.

கோத்தகிரி மருமகள்

அண்ணா இருவரும் சற்றுப் பொறுங்கள். எங்கள் ஊரில் ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுக்கும் தண்ணீர்தான் பல வீடுகளுக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது செம்மண் நிறத்தில் வரும். அந்தக் கலங்கல் நீரை 93 டிகிரியில் காய்ச்சினாலும் 100 டிகிரியில் காய்ச்சினாலும் சேறு சேறாகத்தான் இருக்கும். முதலில் தெளியவைத்து, துணியில் வடித்து, பிறகு கேண்டில் ஃபில்டரில் ஊற்றி, அதன்பின் காய்ச்சுகிறேன். புற ஊதாக் கதிர்க் கருவி வாங்கியவர்களும் கலங்கிய நீரில் ஏமாந்துபோகிறார்கள். ஒளி ஊடுருவாத நீரில் கிருமிகள் துகள்களுக்குப் பின்னால் ஒளிந்து தப்பிவிடும் என்று பள்ளி அறிவியல் ஆசிரியை சொன்னார். மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத எங்கள் பகுதியில் அந்தக் கருவியால் என்ன பயன் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கேத்தி ஆய்வகத்தார்

சகோதரி சொல்லும் வரிசை சரியானது. கேண்டில் ஃபில்டரின் நுண்துளைகள் சேற்றையும் பெரிய கிருமிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. ஆகவே அதற்குப் பிறகு காய்ச்சுவது அவசியம். கேண்டிலை வாரம் ஒருமுறையாவது மென்மையான நாரால் தேய்த்துக் கழுவவேண்டும், விரிசல் கண்டால் அன்றே மாற்றிவிடவேண்டும்.

நைட்ரேட்டைக் காய்ச்சி நீக்க முடியும் என்று நான் எங்கும் எழுதவில்லை. குரல் பதிவு நைட்ரேட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கிருமி சாகாது என்றுதான் சொன்னது. கிருமி 93 டிகிரியில் சாகும். வடிக்கும் கருவியின் செலவையும் மறைக்காதீர்கள். ஒரு லிட்டர் நீரை நம் ஊர்க் குளிரிலிருந்து கொதிக்கவைக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்; அதையே முழுவதும் ஆவியாக்கி வடிக்க ஒரு யூனிட்டில் முக்கால் பங்கு ஆகும், ஏனென்றால் ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்குப் பத்து லிட்டர் என்றால் நீங்களே கணக்குப் போடுங்கள். எளிதில் ஆவியாகும் கரைப்பான்களும் சில பூச்சிக்கொல்லிகளும் நீராவியோடு சேர்ந்தே வந்துவிடும் என்பதால்தான் அந்தக் கருவியின் வாயில் கரித்தூள் வடிகட்டி வைக்கிறார்கள். அதை எப்போது மாற்றினீர்கள்?

பாம்பார்புரம் கொடையான்

கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல்தான். இங்கேயும் தண்ணீர் 93 டிகிரியில்தான் கொதிக்கிறது, நாங்களும் தலைமுறைகளாகக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். நீலகிரிக்காரர்கள் மட்டுமே மலையில் வாழ்வதுபோல் எழுதவேண்டாம். எனக்கு ஆர்.ஓ.வைப் பற்றித்தான் ஆத்திரம். மழைநீரால் நிறையும் எங்கள் ஓடைகளில் கரைந்த உப்பு மிகக் குறைவு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் நூறைக்கூடத் தொடுவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டுமென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் கூறியது. ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் வரை சாக்கடையில் விடும் கருவியை, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் மாட்டுகிறவர்கள் வெட்கப்படவேண்டும்.

ஃபெர்ன்ஹில் விடுதிக்காரன்

என் ஆர்.ஓ. கழிவுநீர் தொட்டியில் சேர்ந்து தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் போகிறது. ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போவதில்லை. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை மட்டும் அளந்து எண்ணாகக் காட்டும் கருவி. கழிவுநீர்க் குழாய் உடைந்து குடிநீரில் கலந்தாலும் அது 80 என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த எண்ணைக் காட்டித் தண்ணீர் தூய்மையானது என்று சொல்பவர் ஆபத்தானவர். பிளாஸ்டிக் புட்டித் தண்ணீருக்கு மாவட்டத்தில் தடை இருக்கும்போது சுற்றுலா வருபவர்களுக்கு நான் எதைக் கொடுப்பது? 93 டிகிரியில் காய்ச்சியதையா? ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இணையத்தில் என் விடுதியின் பெயர் என்ன ஆகும்?

கேத்தி ஆய்வகத்தார்

ஆம், 93 டிகிரியில் காய்ச்சியதைத்தான் கொடுக்கவேண்டும். டிடிஎஸ் மீட்டரைப் பற்றி நீங்கள் சொன்னது உங்களுக்கே எதிரானது, ஏனென்றால் உங்கள் ஆர்.ஓ. விற்பனையாளர் அந்த மீட்டரைக் காட்டித்தான் உங்களிடம் கருவியை விற்றிருப்பார். ஆர்.ஓ.வில் முதலில் இருக்கும் கரி வடிகட்டி நகராட்சி போட்ட குளோரினை நீக்கிவிடுகிறது. குளோரின் எச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது விதி, அதுதான் சேமித்த நீரைக் காக்கிறது. குளோரின் இல்லாத நீர் உங்கள் கருவியின் தொட்டியில் இரண்டு நாள் கிடந்தால் அங்கே கிருமி மறுபடி பெருகும். வடித்த நீருக்கும் இதே கதிதான்.

ஒரு வழி சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகள் ஆய்வுப் பெட்டியோடு பஞ்சாயத்துகளில் கிடைக்கின்றன. ஒன்றில் உங்கள் ஆர்.ஓ. தொட்டி நீரையும் மற்றொன்றில் நான் 93 டிகிரியில் காய்ச்சிய நீரையும் நிரப்பி இளஞ்சூட்டில் வைப்போம். மலக்கலப்பு இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். எந்தக் குப்பி கறுக்கிறது என்று படத்தோடு இங்கேயே போடுவோம்.

குன்னூர் இரயிலடி

அந்தக் குப்பிச் சோதனையைக் குன்னூரில் ஒரு நிமிடம் காய்ச்சிய நீரையும் சேர்த்துச் செய்யவேண்டும். எங்களை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் முடிவு கட்டினால் நான் ஏற்கமாட்டேன்.

ஃபெர்ன்ஹில் விடுதிக்காரன்

அந்தக் குப்பி வைரஸைக் காட்டாது, நைட்ரேட்டையும் காட்டாது. அது கறுக்கவில்லை என்பதால் தண்ணீர் நல்லது என்றாகிவிடாது. மேலும் ஊட்டிக் குளிரில் அந்தக் குப்பியை எந்த வெப்பநிலையில் வைப்பது, யார் வீட்டில் வைப்பது? உங்கள் வீட்டில் வைப்பதென்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

கோத்தகிரி மருமகள்

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் இந்தக் கருவிகளை வைத்திருப்பவர்கள் என்ன குடிக்கிறார்கள்?

ஃபெர்ன்ஹில் விடுதிக்காரன்

என் விடுதியில் ஜெனரேட்டர் இருக்கிறது, அம்மா.

கேத்தி ஆய்வகத்தார்

ஜெனரேட்டர் இல்லாதவர்களுக்காகத்தான் நான் இந்தத் திரியையே தொடங்கினேன். குப்பியை ஃபெர்ன்ஹில்லிலேயே, உங்கள் வரவேற்பறையிலேயே வையுங்கள். நான் பேருந்தேறி வந்து என் கையால் நீரை நிரப்புகிறேன். நாளைச் சொல்லுங்கள்.

ஃபெர்ன்ஹில் விடுதிக்காரன்

சீசன் முடியும்வரை எனக்கு நேரமில்லை.