தேங்க்ஸ்கிவிங் விருந்து: வான்கோழியின் எந்தப் பகுதி நல்லது, இறைச்சியில்லா ரோஸ்ட் அதற்கு ஈடாகுமா?

கேள்வி – புதுவரவு

அனைவருக்கும் வணக்கம். இவ்வாண்டு தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றி நவிலல் நாள்) விருந்து எங்கள் வீட்டில் நடக்கிறது. வருபவர்களின் உடல்நிலை ஒன்றுபோல் இல்லாததால், சாமான் வாங்கப் புறப்படுமுன் இங்குள்ள விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

என் மாமனாருக்கு இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் உண்டு; உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நாத்தனாருக்கு இரும்புச்சத்து குறைவு. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் அண்மையில் இறைச்சியை விட்டுவிட்டாள். பாலும் முட்டையும் சாப்பிடுவாள்.

வான்கோழியில் நெஞ்சுப் பகுதியின் வெள்ளைக்கறிக்கும் தொடை, கால் பகுதியின் கருங்கறிக்கும் சத்தில் உள்ள வேறுபாடு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியதா? உறைநிலையில் விற்கும் இறைச்சியில்லா ரோஸ்ட்கள் புரதத்தில் அதற்கு ஈடாகுமா? "சைவ ரோஸ்ட் என்றாலே இதயத்துக்கு நல்லதுதான், எல்லாருக்கும் அதையே வைத்துவிடலாம்" என்று வீட்டில் ஒரு கருத்து இருக்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்பதே என் முக்கியமான ஐயம்.

மறுமொழி – பசுந்தளிர்

வணக்கம் சகோதரி. வான்கோழியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை அதில் பழக்கமுள்ளவர்கள் சொல்லட்டும்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச்சத்து அட்டவணைப்படி, சுட்டெடுத்த தோலில்லாத வெள்ளைக்கறி 100 கிராமில் சுமார் 147 கலோரி, 30 கிராம் புரதம், 2 கிராம் கொழுப்பு உள்ளன. அதே அளவு கருங்கறியில் சுமார் 173 கலோரி, 28 கிராம் புரதம், 6 கிராம் கொழுப்பு. புரதத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. கொழுப்பு மூன்று மடங்கு என்று சொன்னால் பயமுறுத்துவதுபோல் இருக்கும்; ஆனால் அது 100 கிராமுக்கு நான்கே கிராம் கூடுதல். இரும்பும் துத்தநாகமும் கருங்கறியில்தான் தெளிவாக அதிகம். ஆகவே உங்கள் நாத்தனாருக்குத் தொடைக்கறியை மறுப்பதில் எந்தப் பொருளும் இல்லை. அவருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கை உண்மையில் மாற்றுவது தோல். சுட்ட தோலை மட்டும் தனியே எடுத்தால் அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பு. தோலோடு சாப்பிடும் நெஞ்சுக்கறியின் கலோரி, தோல் நீக்கிய தொடைக்கறியின் கலோரியைத் தாண்டிவிடுகிறது. "நான் வெள்ளைக்கறி மட்டும்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே மொறுமொறுப்பான தோலையும் எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்காகப் பறவையைத் தோலுரித்துச் சுட வேண்டியதில்லை. தோலின் கொழுப்பு சூட்டில் உருகிப் பெரும்பாலும் தட்டில் வடிகிறது. கறிக்குள் அதிகம் இறங்குவதில்லை. தோல் இருந்தால்தான் கறியும் வறளாமல் இருக்கும். எனவே தோலோடு சுட்டு, துண்டு போடும்போது மாமனாருக்கு உரிய துண்டில் மட்டும் நீக்கிவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது, மாமனாரைப் பொறுத்தவரை, உப்பு. எதுவும் சேர்க்காத வான்கோழிக் கறியில் இயல்பாக இருக்கும் சோடியம் 100 கிராமுக்குச் சுமார் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் கடைகளில் கிடைக்கும் உறைந்த வான்கோழிகளில் பல, உப்புநீர்க் கரைசல் ஊசியால் ஏற்றப்பட்டவை. உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வான்கோழி என்று இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் "இத்தனை சதவீதம் வரை கரைசல் அடங்கியது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். அது இருந்தால் சோடியம் இயல்பைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். கோஷர் என்னும் யூத உணவு முறையில் பதப்படுத்திய வான்கோழியும் உப்பிட்டு வைக்கப்படுவதால் அவருக்கு ஏற்றதல்ல. அந்த வரியே இல்லாத பறவையை வாங்கி, மூலிகை, பூண்டு, எலுமிச்சை ஆகியவற்றை வைத்துச் சுட்டால் உப்பு எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கும்.

மறுமொழி – கடலோடி

மேலே உள்ள விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் நெடுங்காலமாக இறைச்சி உண்ணாதவன். இந்த விருந்துக் காலத்தில் வரும் மாற்று உணவுகளில் பெரும்பாலானவற்றைச் சாப்பிட்டிருக்கிறேன்.

"இறைச்சியில்லா ரோஸ்ட்" என்று ஒரே பெயரில் சொல்லப்படுபவை உண்மையில் வெவ்வேறு உணவுகள். 1995 முதல் விற்பனையில் இருக்கும் டோஃபர்க்கி, கோதுமை குளூட்டனும் (கோதுமையில் உள்ள புரதம்) டோஃபுவும் (சோயாப்பால் கட்டி) கலந்தது. வேறு சில நிறுவனங்களின் ரோஸ்ட்கள் பெரும்பாலும் குளூட்டனாலேயே ஆனவை. குவார்ன் என்பது பூஞ்சைப் புரதம். வீட்டில் செய்பவர்கள் பயறு (மைசூர்ப் பருப்பு வகையான லென்டில்) ரோஸ்ட் செய்வார்கள், அல்லது ஒரு பெரிய காளானையோ பூசணியையோ சுட்டு நடுவில் வைப்பார்கள். இந்தக் கடைசி வகையில்தான் நான் எச்சரிக்கை சொல்வேன். காளானில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் புரதமே தேறும். பூசணியில் அதனினும் குறைவு. பார்ப்பதற்கு இறைச்சி போலவே இருக்கும் பலாக்காயும் அப்படித்தான். இவை அருமையான காய்கறிகள், ஆனால் வான்கோழித் துண்டின் இடத்தை நிரப்புபவை அல்ல. அவற்றை மட்டும் ஒரு வளரும் பெண்ணின் தட்டில் வைத்து "உனக்கும் தனியாகச் செய்துவிட்டோம்" என்று சொல்வது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

புரதத்துக்காகவே பார்த்தால் டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் சுமார் 20 கிராமும், வேகவைத்த பயறு சுமார் 9 கிராமும் தருகின்றன. கெட்டி டோஃபுவில் தயாரிப்பைப் பொறுத்து 9 முதல் 17 கிராம் வரை இருக்கும். பயறு புரதத்தில் பின்தங்கினாலும் அதே 100 கிராமில் ஏறத்தாழ 8 கிராம் நார்ச்சத்து உண்டு. வான்கோழியில் நார்ச்சத்து அறவே இல்லை. குளூட்டன் ரோஸ்ட்களில் எண்ணளவில் புரதம் மிக அதிகம். ஆனால் லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் குறைவாக இருப்பதால், புரதத் தரத்தை 1 வரை அளக்கும் அளவுகோலில் கோதுமை குளூட்டன் சுமார் 0.25 மட்டுமே பெறுகிறது; சோயா 0.9-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கிறது. எனவே அட்டையில் சோயாவும் இருக்கும் ரோஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள், அல்லது குளூட்டன் ரோஸ்ட்டோடு அதே விருந்தில் ஒரு பயறோ பீன்ஸோ இருக்கும்படி பாருங்கள். லைசின் குறை அதில் ஈடாகிவிடும். கோதுமை ஒவ்வாதவர் யாராவது வருகிறார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான ஐயம். கொலஸ்ட்ரால் இல்லை, நிறைவுற்ற கொழுப்பும் பொதுவாகக் குறைவு என்பதால் தாவர ரோஸ்ட் நல்லதுதான். ஆனால் உறைநிலையில் விற்கும் பல ரோஸ்ட்களில் ஒரு பரிமாறலுக்கே 500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உடன் வரும் கிரேவி உறை தனிக்கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவுப்படி ஒரு நாளுக்கான சோடியம் வரம்பு 2300 மில்லிகிராம்; ஒரு பரிமாறலில் அதன் 20 சதவீதத்தைத் தொட்டாலே அதிகம் என்று கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் உள்ள உங்கள் மாமனாருக்கு, கரைசல் ஏற்றாத வான்கோழியின் தோல் நீக்கிய நெஞ்சுக்கறியே அப்படிப்பட்ட ரோஸ்ட்டைவிட மேல் என்று தயக்கமின்றிச் சொல்வேன். நான் இறைச்சி உண்ணாதவன் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல முடியாது.

புதுவரவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. "எல்லாருக்கும் ஒன்றே" என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். உப்பு சேர்க்காத வான்கோழி ஒன்றும், வீட்டிலேயே செய்யும் பயறு, டோஃபு ரோஸ்ட் ஒன்றும் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பயறில் இரும்பு அதிகம் என்கிறார்களே, நாத்தனாருக்கு வான்கோழிக்குப் பதிலாக அதையே கொடுத்தால் போதுமா?

மறுமொழி – அடுக்களை

எண்ணை மட்டும் பார்த்தால் பயறுதான் முன்னால் நிற்கும்: வேகவைத்த பயறு 100 கிராமில் சுமார் 3.3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, வான்கோழித் தொடைக்கறியில் அதைவிடக் குறைவு. ஆனால் இறைச்சியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்னும் வகை. அதை உடல் எளிதாக உறிஞ்சும். பயறில் இருப்பது முழுவதும் ஹீம் அல்லாத வகை, அதோடு இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் பைட்டிக் அமிலமும் இருப்பதால் உள்ளே போவதில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும். வைட்டமின் சி உடன் இருந்தால் அந்தப் பங்கு கூடும். விருந்தில் எப்படியும் இடம்பெறும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸில் (குட்டி முட்டைக்கோசு) அது தாராளமாக இருக்கிறது. அதிக நேரம் வேகவிடாமல் எடுங்கள். மேலும், இறைச்சி உடன் இருக்கும்போது தாவர இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும் என்பதால் உங்கள் நாத்தனார் தொடைக்கறியோடு பயறு ரோஸ்ட்டில் ஒரு துண்டும் எடுத்துக்கொள்வது மிகவும் நல்லது. அவரும் மகளும் தேநீரையும் காப்பியையும் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். மகளுக்கு பி12 பற்றிய கவலை இப்போதைக்கு இல்லை, பாலும் முட்டையும் சாப்பிடுவதால்; அவற்றையும் விட்டுவிட்டால் அது தாவரத்தில் இயல்பாகக் கிடைக்காது என்பதைச் சொல்லி வையுங்கள்.

கடையில் அட்டைகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பச்சை வான்கோழியின் அட்டையில் உள்ள எண்கள் பச்சை எடைக்கு உரியவை; சுட்டால் நீர் வற்றி, அதே 100 கிராமில் புரதம் கூடித் தெரியும். ரோஸ்ட் ஏற்கெனவே வெந்த பொருள். இரண்டையும் சுட்ட எடைக்கு மாற்றிக்கொண்டு பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். புரதத்துக்கு நேரே தினசரி மதிப்புச் சதவீதம் அச்சிட்டிருந்தால், அது தரத்தையும் கணக்கில் கொண்டு திருத்திய எண் என்பதால் கிராமைவிட அதை நம்பலாம்.

ஸ்டஃபிங்கைப் (ரொட்டித் துண்டுகளும் மூலிகையும் கலந்த பூரணம்) பறவைக்குள் வைக்காமல் தனித் தட்டில், உப்பு சேர்க்காத காய்கறிச் சாறு ஊற்றிச் சுட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் அந்தப் பெண்ணும் சாப்பிடலாம், உங்கள் மாமனாரும் சாப்பிடலாம்.