30 பேர் ‘இல்லை’ என்கிறார்கள், நிகழ்தகவோ 1 வருகிறது. எங்கே இடிக்கிறது?

கேள்வி
160 மாணவர்களிடம் விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிறீர்களா, இசை கற்கிறீர்களா என்று படிவம் கொடுத்துக் கேட்டோம். 10 படிவங்கள் எதுவும் எழுதாமலே திரும்பின. மீதி 150-இல் விளையாட்டு 90, இசை 60. ஒருவரைக் குலுக்கலில் எடுத்தால், இரண்டில் ஏதாவது ஒன்றிலாவது இருப்பதற்கான நிகழ்தகவு 90/150 + 60/150 = 1. ஆனால் 30 பேர் இரண்டுக்கும் ‘இல்லை’ போட்டிருக்கிறார்கள். எக்செலில் எண்ணினால் அதுவும் 40 ஆகிறது!

பதில் 1
இரண்டிலும் இருப்பவர்களை இருமுறை எண்ணிவிட்டீர்கள். ஒன்றிலாவது இருப்பவர்கள் 150 − 30 = 120. ஆக, இரண்டிலும் இருப்பவர்கள் 90 + 60 − 120 = 30. விடை 120/150 = 0.8. அப்படியே கூட்டுவது ஒன்றையொன்று விலக்கும் (இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாத) நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான். முதலில் நாலு கட்ட அட்டவணை போட்டுவிடுங்கள்: இரண்டும் 30, விளையாட்டு மட்டும் 60, இசை மட்டும் 30, எதுவுமில்லை 30. கூட்டினால் 150 வராவிட்டால் மேலே போகவே வேண்டாம்.

பதில் 2
அந்த 40-க்குக் காரணம் வெற்றுக் கட்டங்கள். கவுண்ட்இஃப்ஸில் (நிபந்தனைக்குப் பொருந்துவதை எண்ணும் எக்செல் சூத்திரம்) ‘ஆம் அல்லாதவை’ என்று நிபந்தனை கொடுத்தால் காலிக் கட்டமும் சேர்ந்துவிடும். ‘இல்லை’ என்றே கொடுத்து எண்ணுங்கள். பதில் சொல்லாதவர் ‘இல்லை’ என்றவர் ஆகமாட்டார். பகுதியில் (பின்னத்தின் கீழ் எண்ணில்) 150-தான் வரவேண்டும்.

கேட்டவர்
சரியாகிவிட்டது, நன்றி. இரண்டிலும் இருப்பதற்கு 0.6 × 0.4 = 0.24 என்று பெருக்கலாமா?

பதில் 3
கூடாது. சார்பிலா நிகழ்ச்சிகளாக, அதாவது ஒன்று நடப்பது மற்றொன்றின் வாய்ப்பை மாற்றாததாக இருந்தால்தான் பெருக்கலாம். அப்படி இருந்திருந்தால் சுமார் 36 பேர் வந்திருக்க வேண்டும். வந்தது 30, அதாவது 0.2. தற்செயலாகக்கூட இவ்வளவு வித்தியாசம் வரலாமே என்றால், கை-வர்க்கச் சோதனை (எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பது) போட்டுப் பாருங்கள்: 4.17 வருகிறது. 5% நிலையின் எல்லை (சார்பிலாதவையாக இருந்தால் தற்செயலாக 5% தடவைதான் தாண்டும் மதிப்பு) 3.84, அதைத் தாண்டுகிறது. ஆகவே வெறும் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

நிபந்தனை நிகழ்தகவில்தான் (ஒரு கூட்டத்துக்குள் மட்டும் பார்க்கும் நிகழ்தகவில்) பலரும் சறுக்குகிறார்கள். விளையாடுபவர்களில் ஒருவர் இசையும் கற்பது 30/90 = 1/3. இசை கற்பவர்களில் ஒருவர் விளையாடுவது 30/60 = 1/2. தொகுதி ஒன்றேதான், பகுதிதான் மாறுகிறது. கேள்வியில் ‘...களில்’ என்று வருகிற கூட்டம் எதுவோ அதுவே பகுதி.

பதில் 4
ஒருவருக்குப் பதில் இருவரை எடுத்தால் 0.4-ஐ வர்க்கப்படுத்தாதீர்கள்; முதலில் எடுத்தவர் போக மீதி 149 பேர்தான். இருவருமே இசை கற்பவர்களாக இருப்பது 60/150 × 59/149 ≈ 0.158. 0.16-க்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே தப்பு கண்ணில் படாது. 10 பேரில் 4 பேர் என்றால் 4/10 × 3/9 ≈ 0.133, நன்றாகவே உதைக்கும்.