தாத்தா கட்டிய ஓட்டு வீடு: சுண்ணாம்புக் கொத்தனார் தேவை
தக்கலை பக்கம் எங்கள் வீடு. அயினி மர உத்திரம், சுண்ணாம்புச் சுவர். பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள்தான் பெரிய புத்திசாலிகள் மாதிரி வெளியே சிமெண்ட் பூசினோம். ஈரம் வெளியேற வழியில்லாமல் இப்போது உள்பூச்சு வீங்கி, விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது. வருஷத்துக்கு இரண்டு பருவமழை வேறு. கான்ட்ராக்டர் "இடிச்சிட்டு கான்கிரீட் போடுங்க" என்கிறார். நல்ல மரத்தை விறகாக்கிவிட்டுப் புதுசாகச் சிமெண்டும் கம்பியும் வாங்க மனசு வரவில்லை. பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை மரமும் ஓடுமாக நிற்கிறதே!

சிமெண்டைக் கொத்தி எடுத்து, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் மார்த்தாண்டம், நாகர்கோவில் வட்டாரத்தில் உண்டா? அப்புறம், ஓட்டுக்கு மேல் சோலார் பேனல் வைத்தவர்கள் சொல்லுங்கள்: ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் (சரிவு மரச்சட்டம்) பாரம் தாங்கியதா, மழைக்கு ஒழுகியதா?