மறு: ஜர்னலுக்கு ‘இதழ்’ வேண்டாமே

வணக்கம்.

> ஜர்னலிங் உள்ளதை "இதழ்க் கோப்பு முறைமை" என்று வைக்கலாமா?

வேண்டாம் அண்ணா. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைதான் கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றத்தை அது முதலில் தனியாக எழுதிவைப்பது ஜர்னலிங். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதழ் என்றால் ரோஜாவோ வாரப் பத்திரிகையோதான் கண்முன் வரும். கொடைக்கானல் அக்கா சொன்ன "முன்பதிவு" பொருளில் சரி, செய்வதற்கு முன்னால் எழுதிவைப்பதுதானே, ஆனால் அதைப் படித்ததும் எனக்கு மேட்டுப்பாளையம் மலை ரயில் டிக்கெட்தான் ஞாபகம் வருகிறது. கணக்குப்பதிவியல் பாடத்தில் ஜர்னலுக்குக் குறிப்பேடு என்று இருக்கிறது. அதுவும் மோசமில்லை, ஆனால் மடிக்கணினியையே சிலர் குறிப்பேடு என்கிறார்கள்.

என் ஓட்டு சிட்டைக்கு.

கோத்தகிரிப் பக்கம் தேயிலை எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தராசில் சாக்கு ஏறியதும் ஆள் பெயரும் கிலோவும் முதலில் சிட்டையில் விழும், பேரேட்டுக்குப் போவது சாயங்காலம்தான். நடுவில் மழை வந்து பேரேட்டில் பாதி வரியோடு எழுந்து ஓடினாலும் மறுநாள் சிட்டையைப் பார்த்து மீதியை ஏற்றிவிடலாம். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸின் எக்ஸ்ட்4-உம் செய்வது ஏறக்குறைய இதேதான். இன்னொன்றும் பொருந்துகிறது: சிட்டையில் எடைதான் இருக்கும், இலை இருக்காது. அவை இரண்டும் வழக்கமாகக் கோப்பின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்களைத்தான் அப்படி முன்னால் எழுதுகின்றன, உள்ளடக்கத்தை அல்ல. அதனால் பாதி நகலெடுத்த படம் முழுதாக மீளாது, மற்ற ஃபோல்டர்கள் குழம்பாமல் தப்பும்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் போன மழைக்காலம். வீட்டில் விண்டோஸ், ஆபீஸில் லினக்ஸ், தங்கையிடம் மேக், எல்லாவற்றுக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க். பழைய கோப்பு முறைமையான ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், தானாக எழுதாது, எக்ஸ்ட்4-ஐச் செருகினால் விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணட்டுமா?" என்று கேட்கும். மிச்சம் எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது, அதே வருடம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 5.4-இல் அது நுழைந்துவிட்டது, மூன்றிலும் ஓடும். சரி என்று அதையே போட்டேன். கல்யாண வீடியோ ஏறிக்கொண்டிருந்தபோது எங்கேயோ கம்பியில் கிளை விழுந்து கரண்ட் போனது. மறுபடி செருகினால் அந்த ஃபோல்டரின் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. எக்ஸ்ஃபேட்டில் சிட்டை கிடையாது.

இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன், வேறு வழியில்லை, ஆனால் முறையாகக் கழற்றாமல் பிடுங்குவதில்லை, இன்னொரு டிஸ்க்கில் நகல் இல்லாமல் எதையும் அழிப்பதுமில்லை.

அப்புறம், சிட்டா அடங்கலோடு குழம்புமே என்று யாராவது நிச்சயம் எழுதுவார்கள். பரவாயில்லை, தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

சிட்டையிடல், சிட்டையுள்ள கோப்பு முறைமை, சிட்டையற்ற கோப்பு முறைமை என்று மூன்று வடிவமும் தடையில்லாமல் வருகின்றன. "சிட்டைப்படுத்தப்பட்ட" மட்டும் வேண்டவே வேண்டாம். கோப்பு முறைமை ஏற்கனவே ஊன்றிவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் மாற்றிவிடுகிறேன்.