பி.ஏ. சேர்க்கைக்கு எங்கே என்ன கேட்கிறார்கள்? பார்த்ததைப் பகிருங்கள்

போன வருடம் அக்கா மகளை பி.ஏ. சேர்த்தோம். பி.ஏ. என்றதுமே வீட்டில் எல்லாரும் சொன்னது, "அதுக்கென்ன, அப்ளிகேஷன் போட்டா கிடைச்சிடும்." விதிகளை எடுத்துப் படித்தால்தான் தெரிகிறது, மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பேசிப் பிரயோசனம் இல்லை. எந்தப் பாடத்தில் வாங்கினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தரவரிசை இல்லை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்து ஒரு பட்டியல், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து ஒன்று. வரலாறு, பொருளியல் மாதிரி மற்றதுக்கெல்லாம் மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு, மீதி நான்கு பாடங்களை 400-க்குக் கணக்கிடுகிறார்கள். அவளுக்குத் தமிழில் 97, நான்கு பாடங்களிலும் சேர்த்து 291. ஒரே கல்லூரிதான், தமிழ்ப் பட்டியலில் முதல் பக்கத்திலேயே பெயர், பொதுப் பட்டியலில் உருட்டி உருட்டித் தேட வேண்டியிருந்தது. "600-க்கு எவ்வளவு?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் ஒன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தொழிற்படிப்புகளுக்கானது. பி.ஏ.வுக்கும் உண்டு என்று நம்பிக் கலந்தாய்வுக்கு வந்தவர்களைப் பார்த்தேன்.

மற்ற இடங்களில் எப்படி?

*

அண்ணா, நான் தில்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு ஆனர்ஸ் படிக்கிறேன். இங்கே கதையே வேறு. 2021 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கட் ஆஃப். சில கல்லூரிகளில் அரசியல் அறிவியலுக்கு அது 100 சதவீதம் வரை போனது. 2022-இல் கியூட் (CUET) என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. இப்போது பிளஸ் டூவில் பாஸ் என்றால் விண்ணப்பிக்கலாம், இடம் கிடைப்பது கியூட் மதிப்பெண்ணில்.

சிக்கல் என்னவென்றால், கியூட் படிவத்தில் பாடங்களை 'டிக்' பண்ணும்போது பிளஸ் டூ ரிசல்ட்டே வந்திருக்காது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கம் அதற்கப்புறம்தான் திறக்கும். அதில், நாம் எழுதிய பாடங்களுக்கு எந்தெந்தப் படிப்பு பொருந்துமோ அதற்குத்தான் போட்டியிட முடியும். என்னோடு விடுதியில் இருக்கும் ஒருத்தி நல்ல மதிப்பெண் வாங்கியவள். பொருளியல் ஆனர்ஸ் அவள் கைக்கு எட்டவில்லை, அதற்குக் கணிதத் தாள் கட்டாயம். நம்மூர் பி.ஏ. பொருளியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

ஆனால் வரலாறு ஆனர்சுக்குப் பிளஸ் டூவில் வரலாறு படித்திருக்க வேண்டும் என்று இல்லை. நானே கணினி அறிவியல் குரூப்தான்! ஒரு மொழித் தாளும் மூன்று பாடத் தாளும் போதும். அல்லது மொழி, இரண்டு பாடம், கியூட்டிலேயே இருக்கும் 'ஜெனரல் டெஸ்ட்' தாள். மொழித் தாளைத் தமிழிலேயே எழுதலாம்.

*

பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது என் தலையில்தான் விடியும்.

பிரிட்டனில் யூகாஸ் (UCAS) என்ற பொதுச் சேர்க்கை அமைப்பு வழியாக ஒரே விண்ணப்பம், ஐந்து இடம் வரை போடலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே வருடத்தில் போட முடியாது. அவர்கள் பார்ப்பது 'இந்தப் பாடத்தை ஏன்?' என்பதைத்தான். 2026 சேர்க்கையிலிருந்து தன்விவரக் கட்டுரையையே மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள், மூன்றுக்கும் சேர்த்து 4000 எழுத்துதான். ஒரு மாணவி அதில் பாதியைப் பேச்சுப்போட்டிப் பரிசுகளாலேயே நிரப்பிக் கொண்டுவந்தாள். அடித்துவிட்டு, நீ படித்த ஒரு நாவலில் எந்த அத்தியாயம் இடறியது, அதை எழுது என்றேன்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். பல கல்லூரிகளுக்கும் ஒன்றாகப் போடும் பொது விண்ணப்பத்தின் (காமன் ஆப்) கட்டுரை அதிகபட்சம் 650 சொல், அதில் பாடத்தைப் பற்றி எதுவுமே வேண்டாம், ஆளைப் பற்றித்தான். பல கல்லூரிகளில் எதைப் படிக்கப் போகிறோம் என்று சேரும்போதே சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே கட்டுரையை அனுப்பலாமா என்று வருடா வருடம் யாராவது வந்து கேட்பார்கள். கூடாது.

*

சார், அக்கா எல்லாருக்கும் வணக்கம். என் பையன் இப்போது பிளஸ் டூ, கணிதம் இல்லாத வணிகவியல் குரூப். பொருளியல்தான் வேண்டும் என்கிறான். கியூட் எழுதினால் பிரயோசனம் உண்டா?

*

தில்லியில் பொருளியல் ஆனர்ஸ் கிடைக்காதுங்க. அதற்காக கியூட்டை விட வேண்டாம். மொழியோடு கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வரலாறு, அரசியல் அறிவியல் ஆனர்சுக்கு அது போதும். ஐந்து தாள் வரை எழுதலாம், ஜெனரல் டெஸ்டையும் சேர்த்துவிடுங்கள். ஒரு பாடத்தில் சறுக்கினாலும் கை கொடுக்கும். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், தெரியாததைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பொருளியலேதான் வேண்டும் என்றால் அண்ணா சொன்ன அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே அந்த நான்கு பாட 400 மதிப்பெண்தான் கணக்கு, அதனால் கியூட்டுக்குப் படிக்கிறேன் என்று பிளஸ் டூவில் கோட்டை விட்டுவிடப் போகிறான்.