வட்டாரக் கட்டணச் சட்டம்: ஓட்டு யாருக்கு?

கிளைவ் தெருக்காரன்: "வர்த்தக மேம்பாட்டு வட்டாரத்துக்குச் சட்டம் வந்தால் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடைக்காரரும் எதிர்க்க மாட்டார்" என்று மேலே குமார் எழுதியிருக்கிறார். அதாவது, ஓட்டெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தால், வட்டாரத்தின் பொதுச் செலவுக்கு எல்லாரும் கட்டாயமாகக் கட்டணம் கட்ட வேண்டும். நான் கடைக்காரன், எதிர்க்கிறேன். ஓட்டு கட்டட முதலாளிக்குப் போய்விடும், கட்டணம் வாடகைக்கு இருப்பவன் தலையில் விழும்.

பொங்கோல் குமார்: விஷயம் தெரியாமல் எழுதாதீர்கள் அண்ணே. இங்கிலாந்தின் 2003 சட்டப்படி, கட்டணம் கட்டப்போகும் வியாபாரிக்குத்தான் ஓட்டு. தலைக்கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும், கடை இடங்களுக்கு வரி போடக் கணக்கிடும் மதிப்பிலும் வேண்டும். ஐந்து வருடம் முடிந்தால் மறுபடி ஓட்டு.

கிளைவ் தெருக்காரன்: எத்தனை பேர் வந்து ஓட்டுப் போட்டால் செல்லும்? அதையும் எழுத வேண்டியதுதானே! ஸ்காட்லாந்தில் 25 சதவீதமாவது வர வேண்டும், இங்கிலாந்தில் அந்த வரம்பே கிடையாது. நியூயார்க்கில் கட்டணம் சொத்துக்காரர் மேல் விழுகிறது, அவர் அதைக் குத்தகை ஒப்பந்தத்தில் எழுதி வாடகைக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம். தேக்கா கடைவீட்டில் கீழே மளிகை நடத்துபவர் வாடகைக்காரர். ஓட்டு யாருக்கு, அதைச் சொல்லுங்கள்.

ராபிள்ஸ் பிளேஸ் ஊழியன்: இங்கே இன்னும் கட்டாயம் என்று எதுவும் இல்லையே. 2017இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் விருப்பப்பட்டுச் சேர்வதுதான், வசூலான ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் ஒரு வெள்ளி போட்டது.

பொங்கோல் குமார்: விருப்பம் என்று விட்டால் பத்துக் கடை பணம் போடும், மீதி சும்மா பலன் அனுபவிக்கும். அதற்குத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். கடை வாசலில் ஆள் நடக்கிற ஐந்தடிப் பாதையில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு இது எங்கே புரியப்போகிறது.

பூக்கடை அக்கா: பெட்டியைப் பற்றிப் பேசாதே தம்பி. போன தீபாவளிப் பேச்சிலும் இதையே சொல்லித்தான் சண்டைக்கு வந்தாய். நீ தேக்காவுக்கு வருவதே ஞாயிற்றுக்கிழமை சாப்பிட.

பொங்கோல் குமார்: சாப்பிட வருகிறவன் இல்லாமல் கடை எப்படி ஓடும் அக்கா?

கிளைவ் தெருக்காரன்: பெட்டியை விடுங்கள். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. என் அப்பா காலத்திலிருந்து இதே தெருவில் வியாபாரம் செய்கிறோம், விளக்கு போட, விழா நடத்த என்று கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறோம், ஒருவரும் எங்களைக் கட்டாயப்படுத்தியதில்லை. மூன்று கடைவீடு வைத்திருப்பவர் சரி என்று கையைத் தூக்கினால் நான் கட்ட வேண்டுமா? சட்டத்தில் வாடகைக்காரருக்கு ஓட்டு என்று எழுதட்டும், பிறகு பேசலாம்.

பொங்கோல் குமார்: இங்கிலாந்தில் எழுதியிருக்கிறது என்றுதான் முதலிலேயே சொன்னேன்.

கிளைவ் தெருக்காரன்: இது சிங்கப்பூர். ஓட்டு யாருக்கு?